லீவில் வந்தவர்

என் கணவர் கடைசியாகத் துபாயிலிருந்து வந்திறங்கியபோது அவருடைய பெட்டிக்குள் இஸ்திரிப் பெட்டி இருந்தது. பால் பவுடர், பாதாம், தைலம், சோப்பு, தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று எப்போதும் வரும் சாமான்கள் மேலே இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனால் அடியில் இஸ்திரிப் பெட்டி. அதற்கும் அடியில் சோறு பொங்கும் கரண்ட் குக்கர், எண்ணெய்க் கறை படிந்த தலையணை உறை, துணி மாட்டும் ஹேங்கர்கள். லீவுக்கு வருகிறவன் எவனாவது ஹேங்கரைத் தூக்கிக்கொண்டு வருவானா? நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்னறையில் அதற்குள் பாதித் தெரு கூடியிருந்தது. தென்காசியில் எங்கள் தெருவில் அது வழக்கம். துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ ஒருவர் வந்தால், அவர் கைகால் கழுவுவதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள். என் மகனைப் பார்த்தாயா, மெலிந்திருக்கிறானா, என்ன கொடுத்துவிட்டான் என்று கேட்பார்கள். ஆனால் எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அன்று அதை என் மாமியாரே கேட்டார்.

"எத்தனை மாசம்லே லீவு?"

"மூணு மாசம்மா" என்றார் இவர்.

உள்ளறையில் இருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. கையில் ஹேங்கரை வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு உள்ளே வந்தார். கட்டிலில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் முகம் செத்துப் போனது. "கதவச் சாத்துட்டி" என்றார். சாத்தினேன்.

"கம்பெனிய மூடிட்டான். எல்லாரையும் அனுப்பிட்டான். அங்கன கிடந்து வேற வேலை தேடித்தான் பாத்தேன். இந்த வயசுக்காரன எவன் எடுக்கான்?"

"அப்ப என்னத்துக்கு மூணு மாசம்னு சொன்னீங்க?"

"வாயில வந்துட்டு."

"நாளைக்கு மாமிகிட்ட சொல்லிருங்க. இதுல என்ன இருக்கு?"

அவர் தலையை ஆட்டினார். "அம்மா மறுபடி தட்டை எடுத்துருவாட்டி."

தட்டு என்றால் பீடி சுற்றும் தட்டு. என் மாமனார் இளம் வயதிலேயே மௌத்தாகிவிட்டார். ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு மாமியார் வருஷக்கணக்கில் பீடி சுற்றியிருக்கிறார். மகன் துபாய் போய் முதல் சம்பளம் அனுப்பிய மாதம், தட்டைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தெருவில் அவர் துபாய்க்காரன் அம்மா. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். பள்ளிவாசல் வசூலுக்கு வருகிறவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை; இல்லை என்று சொல்லமாட்டேன். இடுப்பு விழுந்து நடக்க முடியாமல் போன பிறகும் முன்னறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் மகனைப் பற்றித்தான் பேசுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது வேறு கதை. ஆக அந்த வீட்டில் பேசுவதற்கு அவருக்கு மகன் ஒருவர்தான் இருந்தார்.

"சரி, கொஞ்ச நாள்ல ஒரு வேலை கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்" என்று முடிவு செய்தோம். நானும்தான் தலையாட்டினேன். இரண்டு வாரத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தோம். துபாயில் ஏசி சாமான் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதர். கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்று சொல்லக்கூடியவர். அவருக்கா வேலை கிடைக்காது?

கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அழுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. லீவில் வந்திருக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. லீவில் வந்தவன் எப்படிப் போய் வேலை கேட்பான்? காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு பைக்கில் கிளம்புவார். ஒரு நாள் ஆலங்குளத்தில் பெரிய ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனார். கிடங்குக்கு ஆள் வேண்டும் என்று அங்கே போர்டு மாட்டியிருந்ததாம். உள்ளே போய்க் கடைக்கார அண்ணாச்சியிடம் விசாரித்திருக்கிறார்.

"யாருக்கு வேலை?" என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு அண்ணாச்சி. நல்ல அனுபவம். துபாயில ஸ்டோர் பாத்தவரு."

"அப்படியா? கையோட கூட்டிட்டு வந்துருங்க. இன்னைக்கே சேத்துக்கிடுதேன்."

இவர் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். வந்து என்னிடம் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

இப்படியே கடையம், செங்கோட்டை என்று சுற்றினார். எங்கே போனாலும் அந்தத் 'தெரிஞ்ச ஆளுக்கு'த்தான் வேலை கேட்டார். நேராகத் தன் பெயரைச் சொல்லிக் கேட்ட ஓரிடத்தில், "துபாய்க்காரவுக நீங்க, மூணு மாசத்துல பறந்துருவீங்க, எங்களுக்கு நிலைச்சு நிக்க ஆளு வேணும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பாவி மனிதர், அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். என் சம்பளத்தில் வீடு ஓடியது, எப்படியோ ஓடியது. ஆனால் இவர் அப்படி இருந்த நாட்களில்தான் ஊரை எனக்கு வேறு மாதிரி பார்க்கத் தோன்றியது. என்னிடம் படித்த பிள்ளைகளை எங்காவது பார்ப்பேன். இன்ஜினியரிங் முடித்திருப்பான், பி.எட். முடித்திருப்பாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், "படிக்கேன் டீச்சர்" என்பார்கள். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறார்களாம். ஏழெட்டு வருஷமாகப் படிப்பார்கள். தாடி நரைக்க ஆரம்பித்த பிறகும் அதே பதில்தான். விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் பையன்களைக் கேட்டால், "போலீஸ் செலக்ஷன் டீச்சர்" என்பார்கள். வயது வரம்பு தாண்டிய பிறகும் சில பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் கேட்டால் "லீவு." முன்பெல்லாம் பகல் பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் பெண்களும் கிழவர்களும்தான் இருப்பார்கள். இப்போது டீக்கடை பெஞ்சில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் எந்தத் துபாய்க்காரன் லீவு கொடுத்தான்? வேலை இல்லை என்ற வார்த்தையை மட்டும் எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. குற்றாலத்தில் கூட்டம் அள்ளியது. சீசன் மாதங்களில் எங்கள் பக்கம் கொஞ்சம் பிழைப்பு உண்டு. காருக்கு டோக்கன் கிழிக்க, எண்ணெய் தேய்த்துவிட, சிப்ஸ் பொரிக்க, பழம் விற்க என்று ஆள் தேவைப்படும். இவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவர் ஐந்தருவியில் பழக்கடை போட்டிருந்தார். இவர் அங்கே போக ஆரம்பித்தார். "சும்மா இருக்கப் பிடிக்கல, கூட்டாளிக்கு ஒத்தாசை பண்ணுதேன்" என்று வீட்டில் சொன்னார். மாமியாருக்கு வாயெல்லாம் பல். "லீவுல வந்தும் ஒரு நிமிசம் உக்கார மாட்டான் பாரு எம்மவன்" என்று எதிர்வீட்டுச் சாச்சியிடம் சொன்னார். சாச்சியும், "அதான் மாமி, அவன் உழைப்பாளி" என்று ஆமோதித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனேன். சாரலில் நனைந்துகொண்டே நின்றேன். கடைக்கு முன்னால் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, இவர் மங்குஸ்தானை எடை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் பேரம் பேசியது. இவர் ஒரு பழத்தைக் கையால் அமுக்கி உடைத்து, "சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லு தாயி" என்று சின்னப் பெண்ணிடம் நீட்டினார். அந்தப் பெண் சிரித்தது. இவரும் சிரித்தார். வந்திறங்கிய நாளிலிருந்து நான் அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் பார்க்கவில்லை. அட, இந்த மனிதருக்கு வேண்டியது இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் முடிந்தது. கூட்டாளி ஒரு பை நிறைய ரம்புட்டானும் நேந்திரங்காய் சிப்ஸும் கொண்டுவந்து வீட்டில் வைத்தார். இவர் வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார். கொஞ்ச நேரம் நின்று பேசினார். பிறகு உள்ளே வந்தார்.

"கூலி ஒண்ணும் தரலியா?" என்று கேட்டேன்.

"குடுக்கத்தான் வந்திருக்கான். ஆனா சட்டைப் பையில கை வச்சுக்கிட்டே, 'உனக்குக் கூலி குடுத்தா ஊரு என்னயக் காறித் துப்பும்டே, துபாய்க்காரனுக்கு நாங் கூலி குடுக்கதா'ன்னு அவனே சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன்."

எனக்கு வந்ததே கோபம். "சிரிங்க, நல்லாச் சிரிங்க! ரெண்டு மாசம் நனைஞ்சு நனைஞ்சு நின்னதுக்கு ரம்புட்டானைத் தின்னுட்டு சிரிங்க!" என்று கத்திவிட்டேன். மாமியார் முன்னறையிலிருந்து, "என்ன அங்கன சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்ல மாமி, ரம்புட்டான் அழுகலா இருக்கு" என்றேன்.

மூன்று மாதம் தாண்டியது. விசா புதுப்பிக்கத் தாமதம் என்று இவர் சொன்னார். பிறகு கம்பெனி மாறப் போகிறேன் என்றார். தெருவில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. 'எப்ப பயணம்?' என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அது அவரை இன்னும் வதைத்தது. கேட்டால் ஒரு கஷ்டம், கேட்காவிட்டால் பத்துக் கஷ்டம். பள்ளிவாசலுக்குப் போவதுகூட, கூட்டம் கலைந்த பிறகு என்று ஆனது. தாடியைச் சரிசெய்யாமல் விட்டார். ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கிறேன், கிணற்றடிச் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். என்னைப் பார்த்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அந்த முகத்தை நான் மறக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திருப்பூரிலிருந்து போன் வந்தது. துபாயில் இவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர், அங்கே ஒரு பனியன் கம்பெனியில் இருந்தார். கிடங்குக்கு ஆள் வேண்டும், வாருங்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. நெய்ச்சோறு ஆக்கிவிடலாம் என்று அரிசியைக்கூட எடுத்துவிட்டேன்.

"மாமிகிட்ட நான் சொல்லட்டா?"

"என்னன்னு?"

"திருப்பூர்ல வேலை கிடைச்சிருக்குன்னு."

"துபாய்ல இருந்தவன் திருப்பூர்ல மூட்டை எண்ணப் போறான்னு ஊரு சொல்லும். அம்மா காதுல அது விழணுமா?"

"சொன்னாச் சொல்லிட்டுப் போட்டும். ஊரா நமக்குச் சோறு போடுது?"

"ஒனக்குத் தெரியாதுட்டி" என்றார். அன்று நெய்ச்சோறு ஆக்கவில்லை.

எங்கள் பக்கம் பயணம் சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு கிளம்புகிறவர் தெருவில் வீடு வீடாகப் போய், போய்வருகிறேன், தெரியாமல் ஏதாவது குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். இவர் அதையும் செய்தார். துபாயிலேயே புதுக் கம்பெனி, சென்னையிலிருந்து விமானம் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். திருவனந்தபுரம் என்று சொன்னால் வழியனுப்ப வேன் பிடித்து எல்லோரும் கிளம்பிவிடுவார்களே! சென்னை என்றதால் தப்பித்தோம். போன வீடுகளிலெல்லாம் பெரியவர்கள் இவர் தலையில் கைவைத்து துஆ செய்தார்கள். எதிர்வீட்டுச் சாச்சி அழுதேவிட்டார்.

பயணம் சொன்னால் பார்சல் வரும். அதை நான் யோசிக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் தின்பண்டமும் ஊறுகாயும் வந்து குவிந்துவிட்டன. எல்லாம் அங்கே இருக்கும் அவரவர் பிள்ளைகளுக்கு. சாச்சி தன் மகனுக்கு மாசிக்கருவாட்டுச் சம்பலும் முட்டு வலித் தைலமும் கொண்டுவந்தார். இவர் ஒருவரிடமும் முடியாது என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். பிறகு நான்தான் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடையத்துக்கு அலைந்தேன். அங்கே என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் தம்பி உண்மையாகவே துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் கையில் காலில் விழாத குறையாகக் கொடுத்தனுப்பினேன். எங்கள் ஊரில் பொய் சொல்வதற்கும் உழைக்க வேண்டும்.

இவர் சென்னை ரயிலில் ஏறி, மதுரையில் இறங்கி, பஸ் பிடித்துத் திருப்பூர் போய்ச் சேர்ந்தார். மாமியாருக்குத் தினமும் போன் வரும். அங்கே மணி என்ன என்று அவர் கேட்பார். மகன் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துச் சொல்லவேண்டும். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது, கோலமாவு விற்கிறவர் சத்தம் போட்டுக்கொண்டு போனது போனில் கேட்டது.

"என்னலே, அங்கனயும் கோலமாவு விக்காங்க?" என்றார் மாமியார்.

"இங்கன நம்மாட்கள்தாம்மா பாதிப்பேரு" என்றார் இவர். மாமியார் நம்பினார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

காலாண்டு லீவில், மதுரையில் டீச்சர்களுக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டு நான் திருப்பூர் போனேன். சாச்சி மாமியாரைப் பார்த்துக்கொண்டார். இவர் என்னைக் கிடங்குக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய கிடங்கு. எல்லா அட்டைப் பெட்டியிலும் இவர் கையெழுத்து. அங்கிருந்த ஆட்கள் இவரை அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். நல்ல வேலை. குனிந்து நிற்க வேண்டிய அவசியம் எதுவும் அதில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிடும்போது, "பெருநாளைக்கு வந்துருங்களேன்" என்றேன்.

"போயி நாலு மாசத்துல எந்தத் துபாய்க்காரன்ட்டி பெருநாளைக்கு வாரான்?" என்றார்.

ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருந்துகொண்டு பெருநாளைக்கு வரவில்லை. அடுத்த பெருநாளைக்கும் வரவில்லை. மாமியார் புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனில் முகம் காட்டினார். "நல்லாருக்கும்மா" என்றார் மகன். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

மாமியார் போனது ஒரு புதன்கிழமை. காலையில் டீ குடித்தார், இரண்டு பிஸ்கட் தின்றார். நெஞ்சைக் கரிக்கிறது என்றார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வீடு நிறைந்துவிட்டது. பெண்கள் உள்ளே, ஆண்கள் வாசலில். நான் கதறி அழுதேன். அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், ஆனாலும் பிடிக்கும்.

ஜமாஅத்துப் பெரியவர்கள் வாசலில் கூடிப் பேசினார்கள். எதிர்வீட்டுச் சாச்சா உள்வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"மகனுக்குச் சொல்லியாச்சாம்மா? இனி டிக்கட் போட்டு வந்தாலும் நாளைக்குத்தான். மையத்த அவ்வளவு நேரம் வைக்கக் கூடாது. அஸர் தொழுகை முடிச்சு எடுத்துருவோம். என்ன சொல்லுத?"

அஸர் என்றால் சாயங்காலம் நாலரை மணிக்குள். திருப்பூரில் அந்த நிமிஷமே பஸ் ஏறினால் பொழுது இறங்கும்போது வந்துவிடலாம். மஃரிப் வரை, இருட்டும்வரை வைத்தால் போதும். கபர்க் குழிக்குள் இறங்கித் தாயை இரண்டு கையாலும் வாங்கிப் படுக்கவைக்க வேண்டியது மகன். அந்த ஒரு கடமைக்குத்தான் எங்கள் பக்கம் ஆண் பிள்ளை வேண்டும் என்று ஏங்குவார்கள். ஒற்றைப் பிள்ளை, அதுவும் எட்டு மணி நேரத் தூரத்தில்.

உள்ளறைக்குப் போய்ப் போன் செய்தேன். அம்மா மௌத் என்றதும் அவர் எழுப்பிய சத்தம் எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"உடனே கிளம்புங்க. மஃரிப் வரைக்கும் வைக்கச் சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"இருக்கதச் சொல்லுதேன்."

"வேண்டாம்."

"ஏங்க, உங்க அம்மாங்க!"

"அதாம்ட்டி வேண்டாம்ங்கேன். துபாய்க்காரன் அம்மாவா இருந்தா. அப்படியே போட்டும். பந்தலுக்குள்ள வச்சு அவள அசிங்கப்படுத்திராத. அஸருக்கு எடுத்துரச் சொல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இனி என்னயக் கூப்பிடாத. எனக்குத் தாங்காது."

போனை வைத்துவிட்டார்.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து அறையில் மாமியாரைக் குளிப்பாட்டத் தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தேன். ஆண்கள் கூட்டத்துக்கு முன்னால் நான் அப்படி வந்து நின்றதே இல்லை. பேச்சு நின்றது.

"அவிய துபாய்ல இல்ல" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வேலை போயி ரொம்ப நாளாச்சு. திருப்பூர்ல ஒரு கிடங்குல இருக்காவ. இப்பக் கிளம்புனா சாயங்காலம் வந்துருவாவ. மஃரிப் வரைக்கும் வையுங்க. அவிய கையாலதான் அடக்கணும்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இப்போது வரும், இப்போது யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

எதிர்வீட்டுச் சாச்சாதான் முதலில் வாயைத் திறந்தார். "அதுக்கென்னம்மா, வச்சிருப்போம். இப்ப யாருக்குத்தான் வேலை போகல? எம்மவனும் அங்கன வேலை இல்லாமத்தான் கிடக்கான், உன் சாச்சிக்கே தெரியாது." பிறகு அருகிலிருந்தவரைப் பார்த்து, "ஐஸ் பெட்டிக்குச் சொல்லுங்கப்பா, மஃரிப்புக்கு அப்புறம்னு பள்ளிவாசல்ல அறிவிக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். ஆட்கள் எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நான் உள்ளே ஓடிப் போன் செய்தேன். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் செய்தேன். மறுபடியும். குறுஞ்செய்தி அனுப்பினேன். 'எல்லாருக்கும் சொல்லியாச்சு, காத்துக்கிட்டு இருக்காங்க, கிளம்புங்க.' போய்ச் சேரவில்லை. அவருடைய அறைக்கூட்டாளியின் நம்பர் என்னிடம் இல்லை, கம்பெனி நம்பர் இல்லை. ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அவர் எதையும் எனக்கு எழுதிக்கூடக் கொடுத்ததில்லை. மத்தியானம் போனது. அஸர் பாங்கு சொன்னார்கள். வாசலில் ஒருத்தரும் நகரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றார், வந்தால் ஏற்றிக்கொண்டு வருவதற்கு. மஃரிப் தொழுதுவிட்டு வந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றார்கள். பிறகு சாச்சா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். தூக்கினார்கள். கபருக்குள் சாச்சாவே இறங்கினாராம்.

மறுநாள் காலையில் இவரே போனில் கூப்பிட்டார். தொண்டை கட்டிப் போயிருந்தது.

"முடிஞ்சுதாட்டி?"

"முடிஞ்சுது."

"அஸருக்கு எடுத்துருப்பாங்க."

"இல்லங்க. மஃரிப் கழிச்சுத்தான் எடுத்தாங்க. உங்களுக்காக வச்சிருந்தாங்க."

"எனக்காவயா? நான் எப்படி..."

"சொல்லிட்டேன். திருப்பூர்ல இருக்கீங்கன்னு வாசல்ல வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ராத்திரி வரைக்கும் உங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். பஸ் ஸ்டாண்டுல ஆள் நின்னுச்சு."

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"என்னட்டி சொன்னாங்க?" என்றார்.

"அதுக்கென்ன, வச்சிருப்போம்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலங்க."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும் சொல்லல."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியா?" என்று மறுபடியும் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.